தரவுத்தள இணைப்பியில் ஒரு வழு

கிளிநொச்சியிலுள்ள பாடசாலையொன்று மாணவர் புள்ளிகளைத் தரவுத்தளத்தில் சேமிக்கிறது எனக் கொள்வோம். வகுப்பாசிரியர் தமது வகுப்பின் புள்ளிகளை மட்டுமே மாற்றலாம். ஆனால் அக்கட்டுப்பாட்டை விதிப்பது பிரயோக மென்பொருளாகும். அதன் வினவல்களைத் தரவுத்தளத்துக்குக் கொண்டுசெல்லும் இணைப்பி மென்பொருளோ, பல இடங்களில் எல்லா உரிமைகளுமுள்ள ஒரே கணக்கினால் நுழைகிறது. ஆகவே இணைப்பியைக் கைப்பற்றுபவர் முழுப் பாடசாலையின் புள்ளிகளையும் மாற்றிவிடலாம். இதுவே சிறப்புரிமை உயர்த்தல் எனப்படும். இங்கு எவருடைய கடவுச்சொல்லும் களவுபோகவில்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டையும் ஒன்றென எழுதிவிடாதீர்கள்.

மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தை ஜாவா மொழிப் பிரயோகங்களுடன் இணைப்பது கனெக்டர் ஜே. அதன் 8.0.12 வரையான பதிப்புகளில், குறைந்த உரிமையுள்ள ஒருவரே வலையமைப்பினூடாக இணைப்பியைக் கைப்பற்றக்கூடிய வழு இருப்பதாக ஒரக்கிள் நிறுவனம் 2018 ஒக்டோபரில் அறிவித்தது. அதன் கடுமை 10 இற்கு 8.8 எனக் கணிக்கப்பட்டது. 2019 ஏப்பிரலில் 8.0.15 வரையான பதிப்புகளில் அறிவிக்கப்பட்ட மற்றொரு வழுவுக்கு 6.3 மட்டுமே. காரணம், அதைப் பயன்படுத்துவது கடினம். வேறொருவரின் செயலும் அதற்குத் தேவைப்பட்டது.

திருத்திய பதிப்பை நிறுவுவது அவசியம். ஆயினும் அடுத்த வழு எப்போது வெளிப்படும் என எவருக்கும் தெரியாதாகையால், இணைப்பியின் கணக்குக்குத் தேவையான உரிமைகளை மட்டும் வழங்குவதே கூடிய பாதுகாப்பு. புள்ளிகளை வாசிக்க மட்டும் வேண்டிய கணக்குக்கு அழிக்கும் உரிமை எதற்கு? அனுமதியின்றி இவ்வாறு நுழைவது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்கீழ் தண்டனைக்குரியதாகும்.