செப்புத் தகட்டு உருவமும் அதன் கீழ்ப் பாட்டும்

17-ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்து நாட்டில் கற்றோர், சமயபோதகர் ஆகியோரின் உருவங்களைச் செப்புத் தகட்டில் எழுதி அச்சிடும் வழக்கம் ஓங்கியிருந்தது. தகட்டின்மேல் மெழுகு பூசி, ஊசியாற் கீறி, கீறிய இடத்தை அமிலத்தால் அரிக்கச் செய்து, அப்பள்ளங்களில் மை நிரப்பி, ஈரத்தாளில் அழுத்தி எடுப்பது ஒரு முறை. ஓவியர் இரெம்பிராண்ட் இதில் தலைநின்றவர். இத்தகைய உருவங்கள் பலவற்றின் கீழ் இலத்தீன் பாட்டொன்று நிற்கும். அது நம் சிறப்புப் பாயிரம்போலப் பிறர் பாடுவது. படந்தொகுப்போர் சிலர் விளிம்பைக் கத்தரித்தபோது பாட்டும் உடன் போயிற்று. பாட்டு நீங்கின் படத்தின் பொருளிற் பாதி நீங்கும் என்பதே எம் கருத்து.

1635-இல் இரெம்பிராண்ட் பொறித்த ஓய்ட்டன்போகார்ட் உருவத்தை நோக்குவோம். நூல்களுக்கிடையே ஒரு முதியவர். அவ்வளவே கண்ணுக்குப் புலனாவது. அவர் 1618-இல் சமயப் பூசலால் நாட்டைவிட்டு ஓடி, 1626-இல் மீண்டவர். அலைக்கழிந்த அம்முதியவர் கேகு நகருக்குத் திரும்பியதைக் கீழுள்ள நான்கடிகளே உரைக்கின்றன. அவற்றைப் பாடியவர் கிரோசியசு. அதே பூசலில் சிறைப்பட்டு, 1621-இல் புத்தகப் பெட்டியுள் ஒளிந்து தப்பியவர். அவர் அப்போதும் தாயகத்துக்குப் புறத்தேதான் வாழ்ந்தார். மீளாத ஒருவர் மீண்டவரைப் பாடினார் என்றறிந்தபின் அம்முகத்தை முன்போல் நோக்க நம்மால் இயலுமோ?

பாட்டு படத்தோடு பிணங்குதலும் உண்டு. போதகர் அன்சுலோவை 1641-இல் இரெம்பிராண்ட் பொறித்தார். பெரும்புலவர் வொண்டெல் அவ்வோவியரை விளித்து நான்கடி பாடினார். புறத்தே தோன்றுவது அன்சுலோவிற் சிறுபகுதியே. காணப்படாதது செவிக்கே புலனாகும். அவரைக் காண விழைவோர் கேட்கவேண்டும் என்பது அதன் கருத்து. போதகருக்குக் குரலன்றோ உயிர்! ஓவியரைக் குறிவைத்த கூர்மையான சொல் இது.

1646-இல் எழுந்த சில்வியசு உருவம் இதற்கு விடையாகவே எமக்குத் தோன்றுகிறது. அவர் இறந்து எட்டாண்டு கழிந்தபின் பொறித்தது அது. நீள்வட்டச் சட்டத்துள் அடங்காமல் அவர் முன்சாய்கிறார். கை வெளியே நீள்கிறது. கையின் நிழல் சட்டத்தின்மேற் படிகிறது. வாய் பேசுவதுபோல் திறந்துளது. கீழே பார்லேயசு பாடிய பாட்டு, சில்வியசின் முகம் இத்தகையது, இவ்வாயால் அவர் பேசக் கேட்டோம் என்று சான்று பகர்கிறது.