தட்டம்மை வந்து போனால் போதாதா?

1846 மார்ச் கடைசியில் கோபன்ஹேகனிலிருந்து கப்பலேறிய ஒரு தச்சர், வட அட்லாண்டிக் கடலில் இருக்கும் ஃபாரோ தீவுகளில் போய் இறங்கினார். அவர் உடம்பில் தட்டம்மைக் கிருமி ஒளிந்திருந்தது. நோய் வெளியே தெரிந்தது தீவுக்குப் போன பிறகுதான். அடுத்த சில மாதங்களில், அந்தத் தீவுகளில் வாழ்ந்த ஏறத்தாழ 7,800 பேரில் 6,000க்கும் மேற்பட்டோர் படுக்கையில் விழுந்தார்கள். நிலைமையைப் பார்த்துவர டென்மார்க் அரசு அனுப்பிய மருத்துவர்களில் ஒருவர் பீட்டர் லுட்விக் பானும். அப்போது அவருக்கு வயது 25. ஊர் ஊராகப் போய் யாருக்கு எப்போது கண்டது, யாருக்குக் காணவில்லை என்று விசாரித்துக் குறித்தார். அங்கே அதற்கு முன் தட்டம்மை பரவியது 1781இல். நடுவில் 65 ஆண்டுகள் அது அந்தப் பக்கமே வரவில்லை. 1781இல் நோய் கண்டு பிழைத்து, 1846இல் கிழவர்களாகவும் கிழவிகளாகவும் இருந்தவர்களில் ஒருவருக்குக்கூட மறுபடி வரவில்லை என்று பானும் பதிவு செய்தார். 1781இல் தப்பிய முதியவர்களையோ இந்த முறை அது விடவில்லை.

“ஒரு தடவை வந்துவிட்டால் ஆயுசுக்கும் வராது” என்று நம் வீட்டுப் பெரியவர்கள் மணல்வாரி என்னும் தட்டம்மையைப் பற்றிச் சொல்வது உண்மைதான் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. இலங்கையில் சின்னமுத்து என்பார்கள். நோய் ஒன்றே, அனுபவமும் ஒன்றே. இயற்கையாக வரும் எதிர்ப்பாற்றல் வலுவானது என்பதை மருத்துவம் மறுக்கவில்லை.

சிக்கல் அடுத்த வாக்கியத்தில் இருக்கிறது. “அப்படியானால் வந்துவிட்டுப் போகட்டுமே, ஊசி எதற்கு?” தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகளை நம்பிப் பல பெற்றோர் பிள்ளைகளுக்கு ஊசி போடத் தயங்கினார்கள், முகாமை நீட்டிக்க வேண்டி வந்தது. வதந்திகள் அடங்கிவிட்டன. “நாங்களெல்லாம் அம்மை கண்டு வளரவில்லையா?” என்ற கேள்வி மட்டும் அடங்கவில்லை. அக்கறையோடு கேட்கப்படும் கேள்வி அது. நேராகப் பதில் சொல்லியாக வேண்டும்.

தட்டம்மை வைரஸ் உடம்புக்குள் புகுந்ததும் வெள்ளையணுக்கள் இரண்டு வேலைகளைச் செய்கின்றன. ஒன்று, வைரஸை ஒட்டிப் பிடித்து முடக்கும் எதிர்ப்புப் புரதங்களை உண்டாக்குவது. மற்றொன்று, அந்த எதிரியின் அடையாளத்தை மறக்காத நினைவணுக்களை உருவாக்கி வைப்பது. பிறகு அதே வைரஸ் வந்தால் நினைவணுக்கள் உடனே பெருகி, நோய் தலைகாட்டுமுன் அடக்கிவிடுகின்றன. ஃபாரோ தீவின் முதியவர்களை 65 ஆண்டுகள் காத்தது இதுதான். தட்டம்மை வைரஸுக்கு ஒரு பலவீனமும் உண்டு. நம் அணுக்களைப் பற்றிக்கொள்ள அது பயன்படுத்தும் புரதம் பெரிதாக மாறினால் அதனால் பற்றவே முடியாமல் போய்விடும். அதனால் அது ஆண்டுக்கு ஆண்டு வேஷம் மாற்றுவதில்லை.

தடுப்பூசி நிற்பதும் இதே அடித்தளத்தில்தான். 1954இல் அமெரிக்காவில் பாஸ்டனை அடுத்த ஒரு பள்ளியில் தட்டம்மை பரவியபோது, ஜான் எண்டர்ஸின் ஆய்வகத்தைச் சேர்ந்த தாமஸ் பீபிள்ஸ் அங்கே போய், எட்மன்ஸ்டன் என்ற மாணவரிடமிருந்து வைரஸைப் பிரித்தெடுத்தார். அதைக் கோழிக் கருவின் அணுக்களில் திரும்பத் திரும்ப வளர்த்தார்கள். கோழிக்குப் பழகப் பழக, மனித உடம்பில் நோய் உண்டாக்கும் வலு அதற்குக் குறைந்தது. 1963இல் தடுப்பூசிக்கு உரிமம் கிடைத்தது. இன்று நம் அரசு சுகாதார நிலையங்களில் போடப்படும் ஊசியில் இருப்பதும் அந்த வைரஸின் வழிவந்ததுதான்.

அதே 1963இல் இன்னொரு தடுப்பூசியும் வந்தது; வைரஸை ரசாயனத்தால் கொன்று செய்தது. அது தோற்றது. அது தந்த பாதுகாப்பு சீக்கிரமே வடிந்துவிட்டது. அதைப் போட்டுக்கொண்ட குழந்தைகளில் சிலருக்குப் பின்னாளில் தட்டம்மை வழக்கத்துக்கு மாறான, கடுமையான வடிவில் வந்தது. சில ஆண்டுகளிலேயே அதைக் கைவிட்டார்கள். உயிருள்ள, ஆனால் வலுவிழந்த வைரஸ் உடம்பில் கொஞ்சம் பெருகினால்தான் நினைவு ஆழமாகப் பதிகிறது. ஆகவே இன்றைய ஊசியும் உடம்புக்கு ஒரு சிறிய தொற்றுதான். “இயற்கை”, “செயற்கை” என்று நாம் கட்டும் மதில் உடம்புக்குள் அவ்வளவு உயரமாக இல்லை.

ஆனாலும் இரண்டும் சமமில்லை. நோய் கண்டு பிழைத்தவரின் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதத்தின் அளவு பொதுவாக அதிகம். ஊசியால் வந்த அளவு காலப்போக்கில் மெல்லக் குறையும். நோய் கண்ட தாய் தன் சிசுவுக்குக் கொடுக்கும் பாதுகாப்பு, ஊசி போட்ட தாய் கொடுப்பதைவிடச் சற்று நீண்ட நாள் நிற்கிறது. ஒன்பதாம் மாதத்தில் போடும் முதல் ஊசி 100 குழந்தைகளில் சுமார் 85 பேருக்குத்தான் பலிக்கிறது. தாயிடமிருந்து வந்த புரதங்கள் மிச்சமிருந்தால் அவை ஊசியிலுள்ள வைரஸையும் முடக்கிவிடுவது ஒரு காரணம். ஒரு வயதுக்குப் பிறகு போட்டால் 93 பேர் வரை பலன் பெறுவர். இரண்டு தவணையும் முடித்தால் சுமார் 97 பேர். இரண்டாம் தவணையை “ஊக்க ஊசி” என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். முதல் தவணை யாருக்குப் பலிக்கவில்லையோ அவர்களைப் பிடிக்கத்தான் அது முக்கியமாகப் போடப்படுகிறது.

எதிர்ப்பாற்றலின் அளவை மட்டும் வைத்துப் பார்த்தால் நோய்க்கே வெற்றி. அதற்குக் கொடுக்கும் விலையைப் பிழைத்தவர்களிடம் மட்டும் கேட்டால் கணக்கு சரியாக வராது. “நாங்கள் வளரவில்லையா” என்று சொல்ல, வளராமல் போனவர்கள் இல்லையே.

நோய் கண்ட குழந்தைகளில் 20 பேரில் ஒருவருக்கு நிமோனியா வருகிறது. ஆயிரத்தில் ஒருவருக்கு மூளையில் அழற்சி. வசதி நிறைந்த நாடுகளிலேயே ஆயிரத்துக்கு ஒன்று முதல் மூன்று குழந்தைகள் வரை இறக்கின்றன. ஊட்டம் குறைந்த இடங்களில் இன்னும் அதிகம். வைட்டமின் ஏ குறைந்த குழந்தைக்குக் கண் போகலாம். அரிதாக, முழுக்கக் குணமாகிவிட்டது என்று நம்பியிருந்த குழந்தைக்கு ஏழெட்டு ஆண்டுகள் கழித்து மூளை சிதையத் தொடங்கும். பள்ளியில் நன்றாகப் படித்த பிள்ளை மறக்கத் தொடங்கி, நடை தடுமாறி, கடைசியில் படுத்த படுக்கையாகிவிடும். அதற்கு இன்றுவரை மருந்து இல்லை. தடுப்பூசி வருவதற்கு முன் உலகில் ஆண்டுதோறும் சுமார் 26 லட்சம் பேர் தட்டம்மையால் இறந்தார்கள் என்பது உலக சுகாதார அமைப்பின் மதிப்பீடு. 2023இல்கூட ஒரு லட்சத்துக்கும் மேல். பெரும்பாலும் ஊசி போடாத, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்.

இதைவிடவும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. தட்டம்மை வைரஸ் விரும்பிக் குடியேறும் இடங்களில் நினைவணுக்களும் அடக்கம். முன்பு வந்துபோன சளி, காய்ச்சல், நிமோனியாக் கிருமிகளின் அடையாளம் எழுதியிருக்கும் பேரேட்டில் பல தாள்களை அது கிழித்துப் போடுகிறது. காசநோய்க்கான தோல் பரிசோதனை, தட்டம்மை கண்ட குழந்தைகளிடம் தற்காலிகமாக வேலை செய்யாமல் போவதை ஆஸ்திரிய மருத்துவர் கிளெமென்ஸ் வான் பிர்க்கே 1908லேயே கவனித்திருந்தார். 2019இல் வெளியான ஓர் ஆய்வு இந்த நினைவிழப்பைத் துல்லியமாக அளந்தது. நெதர்லாந்தில் ஊசி போடாத 77 குழந்தைகளின் ரத்தத்தை நோய்க்கு முன்பும் பின்பும் சோதித்தார்கள். மற்ற கிருமிகளுக்கு எதிராக அவர்கள் சேர்த்து வைத்திருந்த எதிர்ப்புப் புரத வகைகளில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தது. ஊசி போட்ட குழந்தைகளிடம் இந்த இழப்பு தென்படவில்லை. தட்டம்மைக்கு எதிராக ஆயுள்கால பலத்தைத் தரும் நோய், மற்ற நோய்களுக்கு எதிராகக் குழந்தை ஏற்கெனவே பட்டுத் தேறிச் சேர்த்ததைப் பறித்துக்கொள்கிறது. “இயற்கையாகவே பலம் வரட்டும்” என்ற வாதம் இந்த இடத்தில் முழுசாக உடைந்துவிடுகிறது.

ஊசி நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்குச் சமோவாவில் நடந்ததையும் பார்க்க வேண்டும். பசிபிக் கடலில் சுமார் 2 லட்சம் பேர் வாழும் நாடு அது. 2018 ஜூலையில் செவிலியர்கள் தடுப்பூசிப் பொடியை நீருக்குப் பதிலாகத் தவறான ஒரு மருந்தில் கலந்து போட்டதால் இரண்டு குழந்தைகள் இறந்தன. ஊசியில் பிழையில்லை என்றாலும் மக்களின் நம்பிக்கை போய்விட்டது. அரசும் திட்டத்தைப் பல மாதங்கள் நிறுத்தி வைத்தது. அடுத்த ஆண்டின் பிற்பகுதியில் தட்டம்மை நுழைந்தது. 5,700 பேருக்கு மேல் நோய் கண்டது. 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். அரசு நாட்டையே இரண்டு நாள் மூடி, ஊசி போடாதவர்கள் இருக்கும் வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொல்லி, வீடு வீடாகப் போய் ஊசி போட்டது. அதன் பிறகே நோய் தணிந்தது.

எல்லா வைரஸுக்கும் இதே கணக்கு இல்லை. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான ஹெச்பிவி வைரஸ் தோலின் மேலடுக்கிலேயே தங்கிவிடுவதால் தொற்று தரும் எதிர்ப்பாற்றல் சொற்பம். ஊசி தருவது பன்மடங்கு அதிகம். டெங்குவில் நான்கு வகை உண்டு; ஒரு வகை வந்து போனபின் இன்னொரு வகை வந்தால் நோய் கடுமையாகும் ஆபத்து கூடுகிறது. கொரோனாவில் வைரஸ் மாறிக்கொண்டே இருந்ததால் தொற்றும் ஊசியும் தனித்தனியே நிரந்தரப் பாதுகாப்பைத் தரவில்லை.

தட்டம்மை ஊசிக்குப் பின்விளைவே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு வாரம், பத்து நாளில் சில குழந்தைகளுக்குக் காய்ச்சலும் லேசான தடிப்பும் வரும். சில ஆயிரத்தில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சலால் வலிப்பு வரலாம். பயமுறுத்தும், ஆனால் பொதுவாக நிரந்தரப் பாதிப்பு எதையும் விடாது. கர்ப்பிணிகளும், புற்றுநோய் சிகிச்சை போன்றவற்றால் எதிர்ப்பாற்றல் மிகவும் குறைந்தவர்களும் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளக் கூடாது. அவர்களையும், ஒன்பது மாதம் நிரம்பாத சிசுக்களையும், சுற்றியிருக்கும் மற்றவர்களின் ஊசிதான் காக்க வேண்டும். தட்டம்மை கண்டவர் இருமிவிட்டுப் போன அறையில் இரண்டு மணி நேரம் வரை வைரஸ் காற்றில் நிற்கும். அதனால்தான் ஊரில் 100க்கு 95 பேராவது பாதுகாப்போடு இருக்க வேண்டும் என்கிறார்கள்.

வீட்டில் யாருக்காவது அம்மை கண்டால் வேப்பிலை கட்டுங்கள், மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்ளுங்கள். கூடவே டாக்டரிடமும் காட்டுங்கள். அம்மைக்கு மருந்து கொடுக்கக் கூடாது என்று குழந்தையைக் கிடத்தி வைக்க வேண்டாம். அடுத்தடுத்த இரண்டு நாள் கொடுக்கப்படும் வைட்டமின் ஏ மருந்து கண்ணையும் உயிரையும் காக்கும். மூச்சுத் திணறலோ வலிப்போ வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

நோய் வருமுன் செய்ய வேண்டியது எளிது. குழந்தையின் தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள். 9 முதல் 12 மாதத்துக்குள் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று என இரண்டு இடத்திலும் தேதி குறித்திருக்க வேண்டும். ஒன்று விடுபட்டிருந்தாலும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். நாள் தவறிவிட்டது என்று திருப்பி அனுப்ப மாட்டார்கள். ஐந்து வயது வரை இலவசமாகப் போடுவார்கள்.