வாப்பாவின் கடையும் நாட்டின் கடனும்

பன்னிரண்டாம் தர வணிகப் பிரிவு வகுப்பில் வெளிநாட்டுக் கடன் பற்றிய பாடம். நான் கரும்பலகையில் எண்களை எழுதிக்கொண்டிருந்தேன். பின் வாங்கிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

“டீச்சர், கடன் வாங்கினது அரசாங்கம். கட்டேலாமப் போனதும் அரசாங்கம். அப்ப எங்கட வாப்பாட கடைய ஏன் மூட வேண்டி வந்திச்சு?”

அவளுடைய வாப்பா கெலிஓயாவில் சிறியதொரு புடவைக்கடை வைத்திருந்தவர். மணியடித்துவிட்டதால் அன்று அரைகுறையாகவே விடை சொன்னேன். பல வீடுகளில் கேட்கப்படும் கேள்வி இது. ஆகவே மிச்சத்தை இங்கே எழுதுகிறேன், பெற்றோரும் வாசிக்கட்டும்.

2022 ஏப்ரல் 12 ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. அப்போது நோன்பு தொடங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை. ஆனால் கடைக்குச் சரக்கு வருவது தடைப்பட்டது அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே. 2019 முடிவில் ஏறத்தாழ 7.6 பில்லியன் டொலராக இருந்த நாட்டின் வெளிநாட்டு ஒதுக்கு, 2021 முடிவில் 3.1 பில்லியனுக்கு இறங்கியிருந்தது. 2022 மே மாதம், கையில் எடுத்துச் செலவிடக்கூடியது 50 மில்லியன் டொலர்கூட இல்லை என்று நிதியமைச்சர் பாராளுமன்றத்தில் சொன்னார்.

டொலர் குறைந்தால் கெலிஓயாக் கடையில் துணி ஏன் குறைகிறது? கடைக்காரர் புறக்கோட்டை மொத்த வியாபாரியிடம் வாங்குகிறார். அவர் இந்தியாவிலிருந்தோ சீனாவிலிருந்தோ வரவழைக்கிறார். அங்குள்ள விற்பனையாளருக்கு இவரைத் தெரியாது. இவருடைய வங்கி எழுதிக் கொடுக்கும் நாணயக் கடிதத்தைத்தான் தெரியும். ‘சரக்கை அனுப்புங்கள், பணத்துக்கு நாங்கள் பொறுப்பு’ என்பதே அந்தக் கடிதத்தின் சாரம். 2021 டிசம்பரில் பிட்ச் நிறுவனம் இலங்கையின் கடன் தரத்தைச் ‘சிசி’ என்ற மிகத் தாழ்ந்த படிக்கு இறக்கியது. நாட்டின் தரம் விழுந்தால் அந்நாட்டு வங்கியின் சொல்லும் வெளியே எடுபடாது. வங்கி எவ்வளவு நேர்மையாக நடந்திருந்தாலும் இதுதான் நிலை. கடிதத்தை ஏற்க வெளிநாட்டு வங்கிகள் தயங்கின. வந்து இறங்கிய சரக்குக்கும் செலுத்த டொலர் இல்லாமல், 2022 ஆரம்பத்தில் உணவுப்பொருள் கொள்கலன்களே ஆயிரக்கணக்கில் கொழும்புத் துறைமுகத்தில் தேங்கிக் கிடந்தன. காகிதம் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளை ஒத்திவைத்ததும் அந்த மார்ச் மாதத்தில்தான்.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு, மறைத்துப் பயனில்லை. மத்திய வங்கி டொலரை 200 ரூபாயளவில் பிடித்து வைத்திருந்த காலத்தில் வெளிச்சந்தையில் அதைவிடக் கூடுதலாகக் கிடைத்தது. வளைகுடாவில் உழைப்பவர்கள் உண்டியல் வழியாக அனுப்பினார்கள். 2020 இல் 7.1 பில்லியன் டொலராக வந்த வெளிநாட்டு உழைப்பாளர் பணம் 2022 இல் 3.8 பில்லியன் ஆகியது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பிள்ளைகளுக்கு நாலு ரூபாய் கூடக் கிடைக்கும் வழியைத்தான் தேடினார்கள். ஆயினும் வங்கிக்கு வராத அந்த டொலர்தான் நாணயக் கடிதத்துக்கும் இல்லாமற் போனது.

2022 மார்ச் 7 ஆம் திகதி மத்திய வங்கி பிடியைத் தளர்த்தியது. மே மாதமளவில் ஒரு டொலர் 360 ரூபாய். பத்தாயிரம் டொலர்ப் புடவைக்கு முன்பு 20 இலட்சம் ரூபாய் போதும். இப்போது 36 இலட்சம் வேண்டும். விற்ற காசை அப்படியே திரும்பப் போட்டாலும் பாதியளவு சரக்குத்தான் வரும். நோன்பு தொடங்குமுன் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு. வாடிக்கையாளர் எரிவாயு வரிசையிலும் பெட்ரோல் வரிசையிலும் நின்றார்கள். அந்தப் பெருநாளைக்குப் புத்தாடை எத்தனை வீட்டில் எடுத்தார்கள் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். கண்டிப் பக்கத்தில் கராம்பு, மிளகு ஏற்றுமதியோடு தொடர்புடையவர்களுக்கு மாத்திரம் அதே டொலர் ரூபாயில் கூடிய விலையைக் கொடுத்தது.

கடையை மூட வைத்தது இவையல்ல, வட்டி. விலையேற்றத்தை அடக்க மத்திய வங்கி 2022 ஏப்ரல் 8 ஆம் திகதி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. வங்கிகள் தம் மிகச் சிறந்த வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் கடனின் வட்டியே ஆண்டின் தொடக்கத்தில் 9 வீதமளவில் இருந்து, ஆண்டு முடிவில் 27 வீதத்தைத் தாண்டியது. 60 இலட்சம் ரூபாய் மேலதிகப் பற்று எடுத்த ஒருவரை எண்ணுங்கள். 9 வீதத்தில் மாத வட்டி 45,000 ரூபாய். 27 வீதத்தில் 1,35,000 ரூபாய். அவர் புதிதாக ஒரு சதமும் கடன் வாங்கவில்லை.

இனி வங்கியின் பக்கத்துக்கு வருவோம். இப்படி வட்டி கட்ட முடியாமல் நின்றவர்கள் பலர். 2023 இல் வங்கிகள் கொடுத்திருந்த ஒவ்வொரு 100 ரூபாயிலும் ஏறக்குறைய 13 ரூபாய் அறவிட முடியாத நிலைக் கடனாகிவிட்டது. அத்தோடு அரசாங்கத்தின் டொலர் முறிகளையும் நம்நாட்டு வங்கிகள் வாங்கி வைத்திருந்தன. அரசாங்கம் கட்டாதபோது அந்த நட்டத்துக்கும் இலாபத்திலிருந்து ஒதுக்க வேண்டியதாயிற்று. பெரிய இரு அரச வங்கிகள் பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்துக்கும் டொலரில் கடன் கொடுத்திருந்தன. ஆக, கீழிருந்து கடைக்காரரும் மேலிருந்து அரசாங்கமும் ஒரே வங்கியை நெருக்கினார்கள்.

அடிபட்ட வங்கி புதுக் கடன் கொடுக்கப் பயப்படும். 2022 கடைசியில் திறைசேரி உண்டியலுக்கு 30 வீதத்துக்கு மேல் வட்டி கிடைத்தது. அதை விட்டுவிட்டு ஆட்டங்கண்ட புடவைக்கடையை வங்கி ஏன் நம்ப வேண்டும்? வங்கி முகாமையாளர் கைவிரித்ததற்கு அவருடைய மனம் கல்லானது காரணமல்ல, கணக்கு அப்படி.

2023 ஹஜ்ஜுப் பெருநாள் நினைவிருக்கும். ஜூன் 29 பெருநாள், 30 ஆம் திகதி விசேட வங்கி விடுமுறை, பிறகு சனி, ஞாயிறு, திங்கள் போயா. உள்நாட்டுக் கடனை மறுசீரமைக்க ஒதுக்கிய நாட்கள் அவை. ‘பேங்கில உள்ள காசுக்கு என்ன ஆகும்?’ என்று குர்பான் இறைச்சி பங்கிடும் இடத்திலும் பேசிக்கொண்டார்கள். வைப்புகளில் கை வைக்கப்படவில்லை. வங்கிகளிடமிருந்த ரூபாய் முறிகளும் விடுபட்டன, அவை ஏற்கெனவே போதுமான அடி வாங்கிவிட்டன என்பதால். சுமையில் பெரும் பங்கு ஊழியர் சேமலாப நிதியம் போன்ற ஓய்வுகால நிதிகளின் மேல் விழுந்தது. பழைய முறிகளுக்குப் பதிலாகக் குறைந்த வட்டியுள்ள முறிகளை அவை ஏற்றன. வங்கி விழுந்தால் எல்லோரும் விழுவோம் என்ற வாதம் எனக்குப் புரிகிறது. என்றாலும் தையல் தொழிற்சாலைப் பிள்ளையின் சேமிப்பிலிருந்து அது கட்டப்பட்டது சரியென்று என்னால் சொல்ல முடியவில்லை.

பெற்றோர் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: வங்கியொன்று முறிந்தாலும், வைப்புக் காப்புறுதியின்படி ஒருவருக்கு ஒரு வங்கியில் 11 இலட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு.

கடன் கட்டாதவரின் ஈட்டுச் சொத்தை நீதிமன்றம் போகாமலே ஏலம்விட 1990 ஆம் ஆண்டுச் சட்டம் வங்கிகளுக்கு அதிகாரம் தருகிறது. ‘பராட்டே’ என்று சொல்வது அதைத்தான். சிறு வியாபாரிகளின் முறையீட்டால் 2024 இல் அது தற்காலிகமாக நிறுத்தப்பட்டு, 2025 மார்ச் இறுதி வரை நீடிக்கப்பட்டது. கேள்வி கேட்ட மாணவியின் வீட்டுறுதியும் அப்போது வங்கியில்தான் இருந்தது. வாப்பா கடையை மூடி, இருந்த சரக்கை வந்த விலைக்கு விற்று, கடனில் பாதியை அடைத்துவிட்டு மீதிக்குத் தவணை கேட்டார்.

2024 முடிவில் அந்த முதன்மைக் கடன் வட்டி மறுபடியும் 9 வீதமளவுக்கு வந்தது. இருதரப்பு வெளிநாட்டுக் கடன்களின் முதலைத் திருப்பிக் கட்டத் தொடங்க 2028 வரை நாட்டுக்குத் தவணை கிடைத்திருக்கிறது. இதை வகுப்பில் சொன்னபோது அந்த மாணவி மறுபடியும் எழுந்தாள்.

“அப்ப வாப்பா இப்ப லோன் எடுத்துக் கடையத் திறந்தா, 2028 க்கு முந்திக் கட்டி முடிச்சிரணும், இல்லையா டீச்சர்?”