காலை முன்னால் நீட்டும் முன்: குரூசர் வண்டிக்கு ஃபார்வர்டு செட் பொருத்துவோர் கவனத்திற்கு

மளிகைக் கடைக்காரர்கள் படிக்கும் பத்திரிகையில் மோட்டார் சைக்கிள் ரிப்பேர் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நம்மில் பாதிப் பேர் வாரத்தில் இரண்டு நாள் வசூலுக்காக உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர், வாடிப்பட்டி என்று வண்டியில் போய் வருகிறவர்கள். கல்லாவில் நாள் முழுக்க நின்று தேய்ந்த முழங்காலை மடக்கி வைத்துக்கொண்டு நாற்பது கிலோமீட்டர் போவது சிரமம்தான். ஆகவே, டி.வி.எஸ். வண்டியை விட்டுவிட்டு அவெஞ்சர், மீட்டியார் போன்ற குரூசர் வண்டிகளுக்கு மாறிய உறுப்பினர்கள் பலர். அதிலும் உயரமானவர்கள் கால் இன்னும் நீள வேண்டும் என்று 'ஃபார்வர்டு செட்' வாங்கிப் பொருத்துகிறார்கள். அடியேனும் பொருத்தினேன். அதனால் பட்டதையும் கற்றதையும் எழுதுகிறேன்.

ஃபார்வர்டு செட் என்பது ஃபுட்ரெஸ்ட், பிரேக் பெடல், கியர் லீவர் மூன்றையும் ஐந்தாறு அங்குலம் முன்னால் கொண்டுபோகும் சாமான். லெக் கார்டில் மாட்டும் வெறும் ஃபுட்ரெஸ்டை இதனுடன் சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அதில் கால் மட்டும்தான் முன்னால் போகும். பிரேக் பழைய இடத்திலேயே இருக்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய பதினாறரை மீட்டர் ஓடுகிறது. நீட்டிய காலைப் பின்னால் இழுத்து பிரேக்கில் வைக்க அரை விநாடி ஆனால், பிரேக் பிடிப்பதற்கு முன்பே எட்டு மீட்டர் போய்விடும். விளக்கில்லாத கரும்பு டிராக்டரின் பின்னால் அந்த எட்டு மீட்டர் கிடைக்காது. நான்கு வழிச்சாலையில் சற்று நேரம் கால் நீட்டிக்கொள்ள அது உதவும். ஊருக்குள் அதில் கால் வைத்துக்கொண்டு ஓட்டுவது தவறு.

இந்தக் கால் நீட்டும் வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே பழைய வண்டிகளை வெட்டிக் குறைத்து 'சாப்பர்' ஆக்கியவர்கள் பிரபலப்படுத்தினார்கள். வளைவில்லாத நீண்ட சாலைக்கு ஏற்ற அமைப்பு அது. 1955-இல் சென்னையில் தொடங்கி திருவொற்றியூரில் புல்லட் செய்த என்ஃபீல்டு வண்டியில் கால் இடுப்புக்கு நேர் கீழே இருந்தது. நம் சாலைக்கு அதுதான் பொருந்தியது என்பது என் கருத்து. பஜாஜ் 2001-இல் எலிமினேட்டர், 2005-இல் அவெஞ்சர் கொண்டுவந்த பிறகுதான் நம் பக்கத்துச் சாதாரணக் குடும்பங்களுக்குக் குரூசர் எட்டியது.

என் கதைக்கு வருகிறேன். செட்டை முதலில் ஒரு பட்டறையில் கொடுத்து மாட்டினேன். இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது, கால் சுகமாக நீண்டது. மறுநாள் வசூலுக்குச் செக்கானூரணி சாலையில் போகும்போது ஆட்டு மந்தை ஒன்று குறுக்கே வந்தது. பின் பிரேக்கை முழு பலத்துடன் மிதித்தேன். பெடல் இறங்கியது, வண்டி நிற்கவில்லை. கை பிரேக்கைப் பிடித்ததால் கடைசி ஆட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றேன். மேய்த்துக்கொண்டு வந்த அம்மா சொன்ன வார்த்தைகளை இங்கே அச்சிட முடியாது. வீட்டில் வந்து உட்கார்ந்து, மகனைப் பெடலை மிதிக்கச் சொல்லிப் பார்த்தேன். மிதிக்கும்போது இணைப்புக் கம்பி வில்லைப் போல் வளைந்தது. என் கால் பலமெல்லாம் கம்பியை வளைக்கவே செலவாகியிருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையை அடைத்தபின் எல்லாவற்றையும் கழற்றி நானே மாட்டினேன். ஆகவே முதலில் பிரேக்கைப் பற்றி.

டிரம் பிரேக் உள்ள வண்டியில் பெடலை மிதித்தால் ஒரு கம்பி முன்னோக்கி இழுபட்டு, பின் சக்கரத்திலுள்ள பிரேக் லீவரைத் திருப்புகிறது. புதிய பெடல் முன்னால் போய்விட்டதால், அதற்கும் பழைய பெடலின் அச்சுக்கும் நடுவில் இன்னொரு இணைப்புக் கம்பி வருகிறது. இந்தக் கம்பி இழுபட வேண்டும், தள்ளக் கூடாது. சணல் கயிற்றை இழுத்தால் மூட்டை வரும், கயிற்றால் மூட்டையைத் தள்ள முடியுமா? மெல்லிய கம்பியும் அப்படித்தான். பெடலை மிதிக்கும்போது அச்சுக்கு மேலே உள்ள கை முன்னால் போகும், கீழே உள்ள கை பின்னால் போகும். எனவே புதிய அச்சிலும் பழைய அச்சிலும் மேல் கைகளை இணைத்தால் கம்பி இழுபடும். கீழ்க் கைகளை இணைத்தால் தள்ளும். எனக்கு நேர்ந்தது அதுதான். ஒன்றில் மேல், மற்றதில் கீழ் என்று மாட்டினால் பழைய அச்சு எதிர்ப்பக்கம் திரும்பும், பிரேக்கே பிடிக்காது. கீழ்க் கையில்தான் இணைக்க முடியும் என்றால் கம்பிக்குப் பதில் கனமான குழாய் போடும் செட்டாகப் பார்த்து வாங்க வேண்டும்.

அடுத்தது பலக் கணக்கு. வெள்ளிக்கோல் பிடித்த பெரியவர்கள் இதை உடனே புரிந்துகொள்வார்கள். கோலில் குண்டு எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அவ்வளவு எடை தூக்கும். பெடலும் ஒரு கோல்தான். பழைய சாமானைக் கழற்றுவதற்கு முன்பே ஒரு ஸ்கேலை வைத்து, பெடல் நுனி எத்தனை சென்டிமீட்டர் இறங்கினால் பின் சக்கரக் கம்பி எத்தனை நகர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, பெடல் 4 செ.மீ. இறங்கக் கம்பி 1 செ.மீ. நகர்ந்தால், 30 கிலோ அழுத்தம் கம்பியில் 120 கிலோ இழுப்பாகிறது. புதிய செட் மாட்டிய பிறகு பெடல் 3 செ.மீ. இறங்கியதுமே கம்பி 1 செ.மீ. நகர்கிறதா? பெடல் கிச்சென்று இருக்கிறதே என்று மகிழ வேண்டாம். அதே 120 கிலோவுக்கு இனி 40 கிலோ மிதிக்க வேண்டும். முழங்கால் வலிக்காக மாற்றியவருக்கு இது எப்படி? மறுபக்கமாக, 6 செ.மீ. இறங்கினால்தான் 1 செ.மீ. நகர்கிறது என்றால், பிரேக் முழுதாகப் பிடிக்கும் முன்பே பெடல் அடியில் முட்டும். பழைய கணக்கு எதுவோ அதற்கு அருகிலேயே வரும்படி, இணைப்புக் கையில் உள்ள துளையை மாற்றிப் பாருங்கள்.

பின் சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் இருந்தால், மாஸ்டர் சிலிண்டரை இடம் மாற்றாத செட்டையே வாங்குங்கள். ஆயில் ஹோசில் வீட்டில் கை வைக்க வேண்டாம், ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் தொடவே கூடாது. அதைத் தள்ளும் தண்டுக்குப் பெடல் மேலே இருக்கும்போது ஒரு நூலளவு இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் விடாமல் உரசி, சூடேறி, கடைசியில் சக்கரம் இறுகிவிடும்.

ரிடர்ன் ஸ்பிரிங்கையும் பிரேக் விளக்குச் சுவிட்சையும் பலர் மறந்துவிடுகிறார்கள். பெடல் தானாக மேலே வர வேண்டும். மிதிக்கத் தொடங்கியதுமே பின் விளக்கு எரிய வேண்டும். பின்னால் வரும் பஸ்காரருக்கு அந்த விளக்கு ஒன்றுதான் செய்தி.

கியர் பக்கம் அவ்வளவு ஆபத்தில்லை. அங்கும் இரண்டு கைகளும் ஒரே திசை பார்க்க வேண்டும். ஒன்று மேலும் ஒன்று கீழுமாக இருந்தால் முதல் கியருக்கு அழுத்தும்போது இரண்டாவது விழும். கம்பி கைகளுடன் மூலைமட்டம் வைத்தாற்போல் நேராகச் சேர்ந்தால் கியர் பிசகாமல் விழும். லாக் நட் இரண்டையும் மறக்காமல் இறுக்குங்கள்.

செட்டை வண்டியில் பிடிக்கும் இடம் முக்கியம். சேசிசில் ஏற்கெனவே உள்ள துளைகளில் போல்ட் போட்டு மாட்டும் செட்டை மட்டும் வாங்குங்கள். வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்பவரிடம் வண்டியை விட வேண்டாம். பற்ற வைத்த இடத்தை ஒட்டி இரும்பு பலமிழந்து, பிறகு ஒருநாள் கீறல் விடும். போல்டின் தலையில் 8.8 என்று பொறித்திருக்க வேண்டும். டார்க் ஸ்பேனர் நம்மிடம் இருக்காது, ஆனால் சுருள் தராசு எந்தக் கடையில் இல்லை? 25 செ.மீ. நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் அதைக் கொக்கி மாட்டி, ஸ்பேனருக்குக் குறுக்காக இழுங்கள். எட்டு மில்லி போல்டுக்கு 10 கிலோ, பத்து மில்லி போல்டுக்கு 20 கிலோ காட்டும் வரை இழுத்தால் போதும். வண்டிக் கையேட்டில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே சரி.

வேலை செய்யும்போது வண்டி நேராக நிற்க வேண்டும். டபுள் ஸ்டாண்டு இல்லாவிட்டால் பின் சக்கரத்தைத் தூக்கும் ஸ்டாண்டை மெக்கானிக்கிடம் இரவல் வாங்குங்கள், எண்ணெய் டின்னை அடுக்கி வைக்க வேண்டாம். முடிந்ததும் சக்கரத்தைக் கையால் சுற்றி, ஒருவர் மிதிக்க மற்றவர் கம்பியைக் கவனிக்க வேண்டும். வளைகிறதா, எங்காவது உரசுகிறதா? பிறகு ஆளில்லாத தெருவில் நடை வேகம், அடுத்து 20, அடுத்து 40. முதல் நாள் பின் சீட்டில் ஆளும் வேண்டாம், சரக்கும் வேண்டாம். வேகத்தடையில் பெடல் தட்டுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

சரக்கு ஏற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கால் முன்னால் போனதும் பள்ளத்தில் எழுந்து நின்று குலுக்கலைத் தாங்க முடியாது. முழங்கால் தப்பிக்கும், அடியெல்லாம் இடுப்பில் இறங்கும். அரிசி மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு மாட்டுத்தாவணிக்கும் கடைக்கும் அலைகிறவர்களுக்கு இந்தச் செட் ஏற்றதல்ல. உயரம் குறைந்தவர்களுக்கும் வேண்டாம். பெடலை எட்டி மிதிப்பதும் அழுத்தி மிதிப்பதும் ஒன்றல்ல.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் இதை வலியுறுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஃபுட்ரெஸ்ட் ஆர்.சி.யில் எழுதும் விவரமா என்று செட் விற்பவர் வாதிடுவார். விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் அந்த வாதத்தை நாம்தான் செய்ய வேண்டியிருக்கும், அவர் வரமாட்டார். எனவே பொருத்துவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் கடிதம் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வையுங்கள்.

நூறு கிலோமீட்டர் ஓடியபின் எல்லாப் போல்ட்டையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். என் வண்டியில் இரண்டு தளர்ந்திருந்தன. கழற்றிய பெடல், லீவர், ஸ்பிரிங், போல்ட் யாவற்றையும் ஒரு பையில் போட்டு, வண்டி எண் எழுதிக் கட்டி மாட்டி வையுங்கள். வண்டியை விற்கும்போது வாங்குகிறவர் அதைத்தான் முதலில் கேட்பார்.