ஒரு மருந்து போதாதா டாக்டர்?

"ஒரே ஒரு மருந்து எழுதுங்க டாக்டர், போதும்!"

தாம்பரம் சானடோரியத்தில் நான் இப்படித்தான் கெஞ்சினேன். படப்பையிலிருந்து தினமும் பஸ்ஸில் நசுங்கி ஆபீஸ் போகிற ஆசாமி நான். மூன்று வாரமாக இருமல். மெடிக்கல் ஷாப்பில் சொல்லி ஏதோ ஒரு ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்கினேன். நாலு நாள் சுகம், அப்புறம் பழைய பல்லவி! சளியைச் சோதித்தால்... காசநோய்.

டாக்டர் எழுதியதோ நாலு மருந்து. ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எதாம்பியூட்டால். என் முகம் போன போக்கைப் பார்த்து, சீட்டைத் திருப்பிப் போட்டுக் கணக்கு எழுதினார்.

"உங்க நுரையீரல் ஓட்டைக்குள்ள பத்து கோடி கிருமி இருக்குன்னு வெச்சுக்குங்க. சுமாரா பத்து லட்சத்துல ஒண்ணு இயற்கையாவே ஐசோனியசிட்டுக்கு அடங்காது. அப்ப எத்தனை?"

"நூறு, சார்."

"அந்த மருந்தை மட்டும் கொடுத்தா மத்ததெல்லாம் காலி. மிச்சமுள்ள நூறும் காலி வீட்டுல குடும்பம் பெருக்கும். அதே மாதிரி இன்னொரு மருந்தும் சேர்ந்தா, ரெண்டுக்கும் டிமிக்கி கொடுக்கிறது லட்சம் கோடியில ஒண்ணு!"

அத்தனை கிருமிக்கு என் நெஞ்சில் இடம் ஏது?

இதற்கு நம்ம ஊரிலேயே சாட்சி இருக்கிறது. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தில், ஐசோனியசிட்டைத் தனியாகவும், பாஸ் என்கிற மருந்தோடு சேர்த்தும் கொடுத்துப் பார்த்தார்கள். 1960-ல் முடிவு வெளியானது. ஜோடிதான் ஜெயித்தது! அதற்கு முந்தின வருஷம் அதே மையம் இன்னொன்றும் நிரூபித்தது: சானடோரியத்தில் படுத்துக் கிடக்க வேண்டாம், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் குணமாகும். நான் படப்பை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதை எழுதுவது அந்தப் புண்ணியத்தில்தான்.

"அப்ப எல்லாக் கிருமிக்கும் ரெண்டு மருந்துதானா சார்?"

"அவசரப்படாதீங்க!" என்றார். ஐ.சி.யூ.க்களை ஆட்டிவைக்கும், மருந்துக்கு மசியாத அசினெட்டோபேக்டர் வகையறாவுக்கு, கொலிஸ்டினோடு மெரோபெனமும் சேர்த்துப் பார்த்தார்களாம். 2018-ல் வந்த முடிவு: தனி மருந்தைவிட ஜோடி உசத்தியில்லை.

மூன்றாம் மாதம். பைரசினமைடு நின்று, மீதி மூன்று. இருமல் போச்சு, எடை ஏறியாச்சு. மருந்தை நிறுத்தினால் என்ன என்று ஒரு சபலம். (சிறுநீர் ஆரஞ்சு ஜூஸ் மாதிரி போவது வேறு... ரிஃபாம்பிசின் உபயம்!) மனைவி தினமும் மாத்திரை அட்டையை எண்ணுகிறாள்.

என்னோடு பஸ்ஸில் வரும் நண்பர் ரெண்டே மாதத்தில் நிறுத்தியவர். இப்போது அவருக்கு ரிஃபாம்பிசினே வேலை செய்யவில்லை. 2024-ல் இந்தியாவில் அனுமதி பெற்ற பெடாகுயிலின் கூட்டணியில் இருக்கிறார். அதிலும் நாலு மருந்து, இன்னொரு ஆறு மாதம். நேற்று போன் செய்தார்:

"நீ எத்தனாவது மாசம்டா?"

"மூணு."

"அட்டையை எடுத்து வெச்சுக்கிட்டுப் பேசு!"