நில அளவும் உர அளவும்

தஞ்சைப் பகுதியில் குடியானவர் தம் நிலத்தை மாக்கணக்கிலும் வேலிக்கணக்கிலும் சொல்லுகிறார். பட்டாவிலோ அது ஹெக்டேர், ஏர் என்று எழுதப்பட்டிருக்கிறது. கிரயம் பேசுவோர் ஏக்கர், சென்ட் என்கின்றனர். உரத்தின் சிபார்சு ஹெக்டேருக்கு இத்தனை கிலோ என்று வருகிறது. கடையில் உரம் மூட்டையாகக் கிடைக்கிறது. இவ்வளவுகளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றத் தெரியாமையால் குடியானவருக்கு நேரும் நஷ்டம் சொற்பமன்று.

1956-ம் வருஷத்துச் சட்டத்தின் மூலம் மெட்ரிக் அளவுகள் இந்தியாவில் ஏற்பட்டன. வீசையும் மணங்கும் வியாபாரத்தினின்று நீங்கின. ஆயினும் குழியும் மாவும் வேலியும் வயல்வெளிப் பேச்சில் நிலைத்துவிட்டன. ஆகையால் இரு முறைகளையும் அறிந்திருத்தல் அவசியம்.

நிலக்கணக்கு

தஞ்சை வழக்கில் 12 அடிக் கோலால் அளந்த ஒரு சதுரம் ஒரு குழி. அதாவது 144 சதுர அடி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி; 100 சென்ட் ஓர் ஏக்கர். இதன்படி ஒரு மா ஏறக்குறைய 33 சென்ட் ஆகும். ஒரு வேலி 6.61 ஏக்கர். ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர், அது 2.47 ஏக்கருக்குச் சமம்.

குழி எங்கும் ஒரே அளவினதன்று. செங்கற்பட்டு வழக்கில் 24 அடிக் கோலே குழிக்கு ஆதாரம். அங்கே குழி 576 சதுர அடி. 100 குழி ஒரு காணி. ஆகவே செங்கற்பட்டின் 100 குழி தஞ்சையின் 400 குழிக்குச் சமம். ஓர் ஊரார் '100 குழிக்கு இவ்வளவு விதை' என்று சொன்னதை மற்றோர் ஊரார் கோலின் நீளத்தை விசாரியாமல் கைக்கொண்டால், பயிர் நாலில் ஒரு பங்காகவோ நாலு மடங்காகவோ முடியும்.

மாற்றும் விதி

எண்ணை எழுதும்பொழுதெல்லாம் அதன் அளவுப் பெயரையும் உடன் எழுதவேண்டும். பெரிய அளவினின்று சிறிய அளவுக்கு மாற்றினால் எண் பெருகவேண்டும். சிறியதினின்று பெரியதற்கு மாற்றினால் எண் குறையவேண்டும். அவ்வாறு வாராவிடில், பெருக்கவேண்டிய இடத்தில் வகுத்தாயிற்று என்று உடனே அறியலாம். கொள்ளளவை நிறையாக மாற்றுகையில் பண்டம் இன்னதென்று கவனித்தல் வேண்டும். ஒரு படி நெல்லும் ஒரு படி அரிசியும் கொள்ளளவில் ஒன்றே. நிறையில் அரிசியே அதிகம்.

ஓர் உதாரணம்

நாலு மா நெல் பயிரிடும் ஒருவருக்கு, ஹெக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்து இடும்படி சிபார்சு வந்ததாக வைத்துக்கொள்வோர் பின்வருமாறு கணக்கிடலாம். நாலு மா 57,600 சதுர அடி, அது 1.32 ஏக்கர், 2.47-ஆல் வகுத்தால் 0.535 ஹெக்டேர். இதை 120-ஆல் பெருக்க, தேவையான தழைச்சத்து 64 கிலோ. யூரியாவில் 100 கிலோவுக்கு 46 கிலோவே தழைச்சத்து. ஆகவே 64-ஐ 100-ஆல் பெருக்கி 46-ஆல் வகுத்தால் யூரியா ஏறக்குறைய 140 கிலோ ஆகிறது. 45 கிலோ மூட்டையில் இது 3 மூட்டையும் 5 கிலோவுமாகும். அடியுரம், தூர்கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், பூக்கும் பருவம் என நான்கு தடவையாகப் பகுத்தால் தடவைக்கு 35 கிலோ. டி.ஏ.பி. இடுவோர் அதில் 100 கிலோவுக்கு 18 கிலோ வீதம் உள்ள தழைச்சத்தைக் கழித்துக்கொள்ளல் வேண்டும்.

இதில் இரண்டு தவறுகள் சாதாரணமாக நேரும். ஹெக்டேரை ஏக்கரென்று எண்ணினால் யூரியா ஏழரை மூட்டைக்கு மேற்படும். பயிர் கரும்பச்சையாய்த் தழைத்துப் பார்வைக்கு அழகாயிருக்கும். பின் குலைநோயும் புகையானும் பற்றும். கதிர் முற்றுமுன் சாய்ந்துவிடும். 120 கிலோ என்பதைத் தழைச்சத்தென்று கொள்ளாமல் யூரியாவென்று கொண்டாலோ, 64 கிலோ மாத்திரமே வயலுக்குச் சேரும். பயிர் வெளிறித் தூர் குறையும். முன்னதில் பணமும் பயிரும் வீண். பின்னதில் உழைப்பு வீண்.

தம் நிலத்தின் பரப்பை மா, சென்ட், ஹெக்டேர் ஆகிய மூன்றிலும் ஒருமுறை சரியாகக் கணக்கிட்டு, பட்டாவோடு ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்வது ஒவ்வொரு குடியானவருக்கும் நலம். அரைமணி நேரப் பிரயாசை. பலனோ போகந்தோறும் கிடைப்பது.