காரில் 'டொக் டொக்' சத்தம்: சஸ்பென்ஷனில் எதை மாற்றணும், எதை விட்டுவிடலாம்?

ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம். காலையில் சர்வீஸுக்கு விட்டால், மாலையில் வாட்ஸ்அப்பில் எஸ்டிமேட் வந்துவிடுகிறது. ரெண்டு ஸ்ட்ரட், ரெண்டு லோயர் ஆர்ம், லிங்க் ராட், மவுன்ட், லேபர் தனி. "சஸ்பென்ஷன் மொத்தமா போச்சு சார், எல்லாத்தையும் மாத்திடலாம்" என்கிறார் அட்வைஸர். சம்பளத்தில் பெரிய பகுதியைச் சாப்பிடும் செலவு இது. 'ஓகே' என்று ரிப்ளை போடுவதற்கு முன் என்னென்ன பார்க்கணும்?

காருக்குக் கீழே என்ன இருக்கு?

ஸ்விஃப்ட், ஐ20, டியாகோ போன்ற தினசரி கார்களில் முன்பக்கம் மேக்பெர்சன் ஸ்ட்ரட், பின்பக்கம் டார்ஷன் பீம் என்பதுதான் அமைப்பு. இதில் காரின் எடையைத் தாங்குவது காயில் ஸ்பிரிங். பள்ளத்தில் விழுந்த ஸ்பிரிங் திரும்பத் திரும்பத் துள்ளாமல் அடக்குவது ஷாக் அப்சார்பர். முன்பக்கத்தில் ஷாக், ஸ்பிரிங், மேலே இருக்கும் ரப்பர் மவுன்ட் எல்லாம் சேர்ந்ததுதான் ஸ்ட்ரட்.

சக்கரத்தைக் கீழிருந்து பிடித்துக்கொண்டிருப்பது லோயர் ஆர்ம். அதன் ஒரு முனையில் பால் ஜாயின்ட், பாடி பக்கம் ரப்பர் புஷ்கள். வளைவில் கார் ஒருபக்கம் சாயாமல் பார்த்துக்கொள்ளும் ஸ்டெபிலைசர் பாரை ஸ்ட்ரட்டுடன் இணைக்கும் சின்னக் கம்பிதான் லிங்க் ராட்.

சத்தம் என்ன சொல்லுது?

● சின்னச் சின்ன மேடு பள்ளங்களில், மெதுவாகப் போகும்போது 'டொக் டொக்': பெரும்பாலும் லிங்க் ராட் அல்லது ஸ்டெபிலைசர் புஷ். இந்த லிஸ்டிலேயே விலை குறைவான பாகங்கள் இவைதான்.

● நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முறுக்கிக்கொண்டு விடுபடுவது போன்ற சத்தம்: ஸ்ட்ரட் மவுன்ட் அல்லது அதன் பேரிங்.

● பிரேக் பிடிக்கும்போது 'டம்' என்று ஒரு அடி, நேராகப் போகாமல் இழுப்பது: லோயர் ஆர்ம் புஷ் கிழிந்திருக்கலாம்.

● ஸ்பீடு பிரேக்கர் தாண்டிய பிறகும் கார் ஆடிக்கொண்டே இருப்பது, டயர் அங்கங்கே குழி குழியாகத் தேய்வது: ஷாக் பலவீனமாகிவிட்டது.

இவை எல்லாம் சந்தேகத்துக்கான க்ளூ மட்டும்தான். உறுதிசெய்ய காரை லிஃப்டில் ஏற்றி, கம்பி வைத்து நெம்பிப் பார்க்கணும். "எது ஆடுது, எனக்கு ஒரு தடவை காட்டுங்க" என்று நேரில் கேளுங்கள். வர முடியாது என்றால் வீடியோ அனுப்பச் சொல்லுங்கள்.

ஷாக் மேல் லேசாக எண்ணெய்ப் படலம் தெரிவது பல நேரங்களில் சாதாரணம். எண்ணெய் வழிந்து, அதில் தூசி அப்பியிருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. பானெட்டை அழுத்திப் பார்த்துவிட்டு "ஷாக் நல்லாதான் இருக்கு" என்று சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். முழுதாகச் செயலிழந்த ஷாக்தான் அந்த டெஸ்டில் மாட்டும்.

எதை ஜோடியாக மாற்றணும்?

ஷாக், ஸ்பிரிங் இரண்டையும் இடது வலது இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றணும். ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் பழசு என்றால் திடீர் பிரேக்கிலும் வளைவிலும் கார் சமமாக நடந்துகொள்ளாது. ஆனால் முன்பக்க ஷாக் போனதற்காகப் பின்பக்கத்தையும் மாற்றியே ஆகணும் என்பதில்லை. அதைத் தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள்.

ஸ்ட்ரட்டைக் கழற்றும்போது மவுன்ட், பம்ப் ஸ்டாப்பர், டஸ்ட் கவர் ஆகியவற்றின் நிலையையும் பார்த்துவிடுங்கள். பிறகு இதற்காகத் தனியாகத் திறந்தால் அதே லேபரை மறுபடி கொடுக்கணும். ஸ்பிரிங் உடையாமல், உட்காராமல் இருந்தால் பழசையே மாட்டலாம்.

ஜென்யூனா, பிராண்டடா, லோக்கலா?

கார் கம்பெனிகள் எல்லாப் பாகங்களையும் தாங்களே செய்வதில்லை. ஓசூரில் ஆலை வைத்திருக்கும் கேப்ரியல் இந்தியா, கார் கம்பெனிகளுக்கும் ஷாக் சப்ளை செய்கிறது; சொந்தப் பெயரில் கடைகளிலும் விற்கிறது. ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் இணைப்புகள் செய்யும் ரானே, சென்னை கம்பெனிதான். ஆக, கார் கம்பெனி பெட்டியில் வந்தால்தான் தரம் என்பதில்லை. நம்பகமான பிராண்டில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம்.

ஆனால் பெயரே கேள்விப்படாத பிராண்ட் பாதி விலையில் கிடைத்தால் யோசிக்கணும். பெயின்ட் அடித்து, எண்ணெய் நிரப்பி வரும் 'ரீகண்டிஷன்' ஷாக் வேண்டவே வேண்டாம். புதுப்பேட்டையில் பழைய கதவு, கண்ணாடி வாங்குவது வேறு. எத்தனை கிலோமீட்டர் அடிபட்டது என்று தெரியாத பால் ஜாயின்ட் வாங்குவது வேறு.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு மாதிரி மார்க்கெட்டில் நீங்களே வாங்கப் போனால், மாடல் பெயர் மட்டும் சொன்னால் பத்தாது. ஒரே காரில் பெட்ரோல், டீசல், தயாரிப்பு வருடம் எனப் பாகம் மாறும். டீசல் இன்ஜின் கனம் அதிகம் என்பதால் ஸ்பிரிங்கும் வேறாக இருக்கலாம். ஆர்சியில் உள்ள சேசிஸ் நம்பரை வைத்து பார்ட் நம்பர் எடுத்து, அதை பெட்டியில் உள்ள நம்பருடன் ஒப்பிடுங்கள்.

பில் கட்டாயம். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஒரே 18% ஜிஎஸ்டிதான். "பில் இல்லாம வாங்கினா 28% மிச்சம்" என்று யாராவது சொன்னால் அது பழைய கணக்கு. பில் இல்லாமல் வாரன்டியும் கேட்க முடியாது. பிரச்சினை வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கவும் பில் கையில் இருக்கணும்.

கிரவுண்ட் கிளியரன்ஸ் ஏத்தலாமா?

'கார் அடி தட்டுது' என்று உயரத்தைக் கூட்டும் கிட் மாட்டுவது, ஸ்டைலுக்காக ஸ்பிரிங்கை வெட்டி இறக்குவது இரண்டையும் தவிர்ப்பது நல்லது. தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கிளெய்மிலும் சிக்கல் வரலாம்.

நல்ல பாகம், மோசமான ஃபிட்டிங்

புது புஷ் ஆறு மாதத்தில் கிழிந்தால் எல்லாரும் பாகத்தைத்தான் திட்டுவார்கள். ஆனால் தப்பு ஃபிட்டிங்கிலும் இருக்கலாம். சக்கரம் தொங்கும் நிலையிலேயே லோயர் ஆர்ம் போல்ட்டை முழுதாக முறுக்கிவிட்டால், கார் தரையில் இறங்கியதும் உள்ளே இருக்கும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கியபடியே இருக்கும். எடை சக்கரத்தின் மேல் இறங்கிய நிலையில்தான் கடைசி டைட் வைக்கணும். "இறக்கினப்புறம் டைட் வைப்பீங்கதானே?" என்று கேட்டுப் பாருங்கள். வேலை தெரிந்த மெக்கானிக் உடனே புரிந்துகொள்வார்.

ஸ்ட்ரட், லோயர் ஆர்ம் எதைத் தொட்டாலும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். இல்லாவிட்டால் இங்கே மிச்சம் பிடித்த காசு டயரில் போய்விடும்.

பட்ஜெட் இடிக்குதா? இந்த ஆர்டரில் போங்க

1. பால் ஜாயின்ட், லோயர் ஆர்ம்: ஆட்டம் தெரிந்தால் தள்ளிப்போடவே கூடாது. ஓடும்போது பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடங்கிவிடும். லாங் டிரைவ் பிளானை ஒத்திவையுங்கள்.

2. எண்ணெய் வழியும் ஷாக்: டயர் ரோட்டில் ஒட்டாமல் துள்ளுவதால் பிரேக் பிடித்தும் கார் நிற்கும் தூரம் கூடும். மழையில் இன்னும் ஆபத்து.

3. ஸ்ட்ரட் மவுன்ட்: ஸ்ட்ரட் கழற்றும்போதே முடித்துவிடலாம்.

4. லிங்க் ராட், ஸ்டெபிலைசர் புஷ்: லேசான சத்தம் மட்டும் என்றால் அடுத்த சம்பளம் வரை தாங்கும். அதற்கு மேல் இழுக்க வேண்டாம்.

அந்த எஸ்டிமேட்டை இந்த நாலு வரிசையில் பிரித்துப் பாருங்கள். எது இன்றைக்கே, எது அடுத்த மாதம், எது தேவையே இல்லை என்பது அதிலேயே தெரிந்துவிடும். வேலை முடிந்ததும் கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.